டப்பாவின் அடியில் எழுதிய எண்

போன வாரம் அக்காவையும் தம்பியையும் மாடிப்படியில் சண்டை போடவிட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொண்டவர்கள் மன்னிக்கவும். சண்டை முடிந்துவிட்டது. ஜெயித்தது யார் என்று கேட்டால், எடை பார்க்கிற மெஷின் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அம்மா போய் நாலு மாதம் ஆகிறது. தனக்கு நோய் இருப்பது தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசி இரண்டு மாதமும் அப்பாவுக்குப் பிடித்த கொத்துக்கறியைச் சமைத்துச் சமைத்து, முப்பது டப்பாக்களில் அடைத்து, ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் ஒரு எண். எல்லாவற்றுக்கும் மேலே முப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று. எத்தனை மிச்சம் என்று அவர் எண்ண வேண்டியதே இல்லை.

அப்பா துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். அறுபதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மதியம் ஒரு கை லீவரில் இருக்கும், மறு கையில் சாண்ட்விச் இருக்கும். சட்டையில் சொட்டக் கூடாது, மடியில் உதிரக் கூடாது. அதற்காகவே அம்மா கறியை ஒட்ட வற்றவைத்து, பிரட்டின் உள்பக்கத்தை வெறும் கல்லில் வாட்டி, அழுத்திக் கட்டிக் கொடுப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மதியச் சாப்பாடு மாறவில்லை.

அம்மா இறந்த வாரத்தில் தம்பி அப்பாவிடம் ஒரு முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேச்செடுத்தான். அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "அந்த டப்பா எல்லாம் தீர்ற வரைக்கும் என்னை விட்டுடு. கடைசி டப்பா தீர்ற அன்னைக்கு, நீ சொல்ற இடத்துக்கு நானே பையோட கிளம்பறேன்." மகன் சரி என்றான். இந்தப் பேச்சு அக்காவுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

இருபத்தொன்பது டப்பா தீர்ந்தது. நடுவில் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. மூன்று வாரமாக ஒன்றாம் நம்பர் மட்டும் ஐஸ் பைக்கு அடியில் கிடக்கிறது. அதை அவர் தொடவில்லை. வேறு எதையும் சரியாகச் சாப்பிடவும் இல்லை. போன வாரம் கிளினிக்கில் ஐம்பது கிலோ காட்டியது. அதற்குக் கீழே போனால் இவரைத் தனியாக வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். இன்று நாலு மணிக்கு மறுபடி எடை பார்க்கிறார்கள். குறைந்திருந்தால் அப்பா இல்லத்துக்குப் போவது என்று அக்காவும் தம்பியும் படியில் நின்று முடிவு செய்தார்கள்.

இப்போது காலை ஏழு மணி.

*

அக்கா ஃப்ரீசரைத் திறந்து முன்னால் இருந்த டப்பா ஒன்றை எடுத்தாள்.

முந்தாநாள் அவளே சமைத்து வைத்தது. கிளினிக்கில் கொடுத்த காகிதத்தில், ஆட்டுக்கறி கூடாது, வெண்ணெய் கூடாது, வேண்டுமானால் வான்கோழிக் கொத்துக்கறி என்று போட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது அப்பா, "அதெல்லாம் ஒரு கறியா? அதைத் தின்னுட்டு மேல ஏறியிருந்தா காத்துலயே பறந்திருப்பேன்" என்றார். இருந்தாலும் அக்கா சமைத்தாள். நாலு டப்பாவில் போட்டு மூடி, மூடியின் மேல் 'வான்கோழி' என்று தேதியோடு எழுதி வைத்தாள்.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா வெளியூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். பல் போனவர்களுக்குப் பல் கட்டித் தருகிற இடம். அச்செடுத்த ப்ளாஸ்டர் பல்வரிசைகளை அனுப்புவதற்காகக் கட்டுக் கட்டாகப் புது வெள்ளை டப்பாக்கள் வரும். ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அதில் ஒரு கட்டை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அதனால் அம்மாவின் முப்பதும் அதே டப்பா, அக்காவின் நாலும் அதே டப்பா.

லேபில் நம்பரை மூடியின் மேல் எழுதுவார்கள். அம்மா அடியில் எழுதுவாள். இதைப் பற்றி அம்மாவும் மகளும் போனிலேயே பல தடவை வாதாடியிருக்கிறார்கள்.

"மேல எழுதும்மா. திறந்ததும் கண்ணுல படும்."

"மூடி மாறிப்போகும்டி. டப்பா மாறாது."

இன்று காலை அக்கா எடுத்த டப்பாவின் மூடியில் அவள் கையெழுத்து இருந்தது. அடியில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. அவள் மூடியை மட்டும்தான் பார்த்தாள்.

டப்பாவைத் தண்ணீரில் வைத்து இளக்கி, சட்டியில் கொட்டிச் சூடாக்கினாள். முந்தாநாள் இருந்ததைவிடக் கறி கொஞ்சம் கறுத்திருந்தது போலப் பட்டது. ஃப்ரீசரில் இருந்தால் அப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டாள். கோதுமை பிரட்டின் உள்பக்கத்தை வாட்டினாள். வெண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டித் தயிரை மெலிசாகத் தடவி, வெள்ளரித் துண்டு அடுக்கி, கறியை வைத்து, அழுத்தி, இரண்டாக வெட்டினாள்.

அப்பா வந்து உட்கார்ந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். அதைப் பார்த்தபடியே அக்கா தட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"இது அந்த வான்கோழியா?"

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கப்பா. பிடிக்கலைன்னா வெச்சிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் இடது கையால் எடுத்தார். எப்போதும் இடது கைதான், வலது கை லீவருக்கு. ஒரு கடி கடித்தார். மென்றவர் அப்படியே நிறுத்தினார்.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் துப்பிவிட்டால் அதைப் பார்க்கிற தெம்பு அவளிடம் இல்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. முகத்தைப் பார்க்க முடியாமல் மகள் திரும்பிக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

"உன் தம்பி எல்லாத்தையும் சொன்னானா?" என்று கேட்டார்.

"சொன்னான்பா." அவள் நினைத்தது எடைக் கணக்கை. "கோபமா உங்களுக்கு?"

"இல்லம்மா. அவன் எத்தனை நாள்தான் ஓடி ஓடி வருவான்? உனக்கும் திங்கட்கிழமையோட லீவு முடியுது. நியாயம்தான்."

மெதுவாக, ஒவ்வொரு வாயாக, இரண்டு துண்டையும் சாப்பிட்டார். தட்டில் உதிர்ந்திருந்ததை விரலால் ஒற்றி எடுத்தார்.

"நல்லா இருந்துச்சும்மா," என்றார். எழுந்து தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "ஷேவ் பண்ணிட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

ஷேவ் பண்ணி மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

*

தம்பி லிப்ட் மெக்கானிக். அவன் போனை எடுத்தால் பேச்சைவிட எதிரொலிதான் அதிகம் கேட்கும்.

"சொல்லுக்கா, ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்."

"அப்பா சாப்பிட்டார்டா. முழுசா. மிச்சமே இல்ல."

"வான்கோழியையா?"

"வான்கோழியைத்தான்."

"பல்லுக்காரி, நீ பெரிய ஆள்தான்" என்றவன், உடனே குரலை இறக்கினான். "அக்கா, அந்த இல்லத்துலேர்ந்து போன் பண்ணிட்டாங்க. ரூம் காலியா இருக்காம். இன்னைக்குள்ள பதில் சொல்லணுமாம். நான் என்ன சொல்லட்டும்?"

"நாலு மணிக்கு மேல சொல்லு."

"ஒரு வேளை சாப்பிட்டதுல எடை ஏறிடுமாக்கா?"

"ஏறலைன்னாலும் குறையாதுல்ல?"

"எனக்கு மட்டும் அவரை அனுப்பணும்னு ஆசையா? அன்னைக்குச் சமையலறையில விழுந்து கிடந்தாரே, தூக்கினவன் நான். இப்பவும் தினம் காலையில ஒர்க்ஷாப் ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னாடி அங்க வந்து, கதவுச் சந்து வழியா மூச்சு விடறாரான்னு பார்த்துட்டுத்தான் வேலைக்கே போறேன்." எங்கேயோ இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. "சரி, மூணு மணிக்கு வண்டியோட வர்றேன்."

தம்பியைத் திட்டி எனக்கு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

*

ஃப்ரீசரில் இன்னும் மூன்று டப்பா இருந்தாலும், மதியத்துக்கு அதையே புதிதாகச் செய்துவிடலாம் என்று அக்கா கறிக்கடைக்குக் கிளம்பினாள். போகிற வழியில் துறைமுகத்தின் கம்பி வேலி வரும். அதன் ஓரமாகத்தான் சின்ன வயதில் அக்காவும் தம்பியும் நிற்பார்கள்.

கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர் சொல்படிதான் கிரேன் நகரும். மேலே இருப்பவருக்குத் தரை சரியாகத் தெரியாது. கையைப் பார்க்க வேண்டியது, செய்ய வேண்டியது, அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்கிற பழக்கம் கிடையாது. ஏற்று, இறக்கு, திருப்பு என்று காட்டுவதற்கெல்லாம் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. 'நிறுத்து' மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் போதும், காட்டியது யார் என்று பார்க்காமல் கிரேன் நிற்க வேண்டும்.

அக்காவுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, விளையாட்டுக்கு வேலி ஓரமாக நின்று இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அந்தரத்தில் பெட்டி நின்றது. அப்பா அறுபதடி இறங்கி வந்தார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நிறுத்தினது நீ. அடுத்து என்ன செய்யணும்னும் நீதான் காட்டணும்" என்றார். வேறு எந்தச் சைகையும் தெரியாமல் அவள் ஓவென்று அழுதாள்.

அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே கடைக்குள் போனாள்.

"வான்கோழி அரை கிலோ. கொத்திக் கொடுங்க."

கறிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அந்தக் கிரேன்காரர் வீட்டுப் பொண்ணுதானே? அம்மா மாதிரியே கேக்கறீங்க."

"எங்கம்மா ஆட்டுக்கறில்ல வாங்குவாங்க?"

"யாரு சொன்னா? ஏழு வருஷமா வான்கோழிதான். உங்கப்பாவுக்கு மொதல்ல ஒரு தடவை நெஞ்சு வலி வந்துச்சுல்ல, அதுலேர்ந்து ஆட்டுக்கறியை நிறுத்திட்டாங்க. வீட்டுல தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாங்க." கத்தியைத் துடைத்தபடி நின்றார். "கடைசியில ரெண்டு மாசம் கிலோ கிலோவா வாங்கினாங்க. வீட்டுல ஏதாவது விசேஷமான்னு கேட்டேன். ஊருக்குப் போறேன், திரும்பி வர நாளாகும்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்."

பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி நடக்கும்போது அக்காவுக்கு அழுகையும் வந்தது, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அதனால்தான் அப்பா சாப்பிட்டிருக்கிறார். அம்மா செய்ததும் வான்கோழி, நான் செய்ததும் வான்கோழி. என் கையில் அம்மா ருசி வந்துவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள். பாவம்.

*

காலையில் ஊறப்போட்டிருந்த டப்பாவைக் கழுவ எடுத்தபோது அதைக் கவிழ்த்தாள்.

அடியில் 1 என்று எழுதியிருந்தது. அம்மாவின் ஒன்றுக்கு மேலே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அந்தக் கொக்கியோடு இருந்தது.

அக்கா குழாயை நிறுத்தவில்லை. ஃப்ரீசரைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். 'வான்கோழி' என்று மூடியில் எழுதிய மூன்று டப்பாக்கள் இருந்தன. ஐஸ் பைக்கு அடியில் வெறும் மூடி போட்ட ஒரு டப்பா இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒன்றும் எழுதவில்லை. அது அவளுடையது.

டப்பா எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒன்று மிச்சம் இருந்ததும், அப்பா அதைத் தொடாமல் வைத்திருந்ததும், அதைத் தானே எடுத்துச் சூடுபண்ணிப் போட்டுவிட்டதும் ஒரே நொடியில் புரிந்தது. ஈரக் கையோடு அப்பாவின் அறைக்கு ஓடினாள்.

அப்பா ஷேவ் செய்து, சலவைச் சட்டை போட்டு, ஷூவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பை இருந்தது. இரண்டு சட்டை, மாத்திரை டப்பா, அம்மாவின் மூக்குக் கண்ணாடி, எல்லாம் உள்ளே போயிருந்தன.

"என்னப்பா இது?"

"கிளம்பணும்ல. கடைசி டப்பா தீர்ற அன்னைக்கு வந்துடறேன்னு உன் தம்பிகிட்ட சொல்லியிருந்தேன். எப்படி அதை எங்கிட்ட சொல்றதுன்னு தெரியாம, டப்பாவையே சூடு பண்ணிக் கொண்டாந்து வெச்சே. புரிஞ்சுது. நானும் முப்பத்திரண்டு வருஷம் சைகையைப் பார்த்தே வேலை செஞ்சவன்."

அக்கா தரையில் உட்கார்ந்து அவருடைய ஷூவைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா. சத்தியமா இல்ல. தம்பி எடை விஷயத்தை மட்டும்தான் சொன்னான். அந்த டப்பா இருக்குன்னே எனக்குத் தெரியாது. மூடியில என் எழுத்து இருந்துச்சுப்பா."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். பிறகு சொன்னார்.

"அப்போ மூடியை மாத்தினது நான்தான்."

தினமும் சாயங்காலம் ஒன்றாம் நம்பரை எடுத்து, திறந்து, பார்த்துவிட்டு, மூடி வைப்பது அவர் வழக்கம். நேற்று மகள் என்னதான் செய்திருக்கிறாள் என்று அவளுடைய டப்பாவையும் ஒன்று திறந்து பார்த்திருக்கிறார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூடும்போது மாறிவிட்டது, வைக்கும் இடமும் மாறிவிட்டது.

"மூடி மாறிப்போகும்னு அவ சொல்லிட்டே இருப்பா," என்றார். "மொதல் கடியிலயே அவளோடதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சாப்பிட்டேன். நீ தெரியாம கொடுத்திருக்கேன்னு தெரிஞ்சிருந்தா மிச்சம் வெச்சிருப்பேனே."

அப்போதுதான் அவர் அழுதார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனிதர், ஒரு வாய்க் கறி மிச்சம் வைக்காமல் போனதற்காக அழுதார். அக்கா அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நாலு மாதமாகத் தேங்கி நின்றது அது. அழட்டும்.

*

அழுது முடித்ததும் அக்கா கறிக்கடைக்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட இல்லை. தீர்ந்துபோனதை மறுபடி செய்ய முடியும் என்று அவருக்குத் தெரிந்தால் போதும் என்று பட்டது.

"ஏழு வருஷமாவா?"

"ஏழு வருஷமா."

"நான் பிரண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, நெஞ்சு வலி வந்தும் ஆட்டுக்கறியை விடாத ஆளு நானுன்னு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "என் நெஞ்சைப் பத்தி அவ இவ்வளவு யோசிச்சிருக்கா. அவ உடம்புக்கு என்னன்னு நான் ஒரு நாள் கேட்கல. படியேறும்போது மூச்சு வாங்கினா. வயசாச்சுன்னு கிண்டல் பண்ணினேன்."

அக்காவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, டப்பா போதுமா என்று மட்டும் கேட்டாள்.

"வாங்கப்பா. சமைக்கலாம்."

அடுப்புப் பக்கத்தில் அவருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டாள். ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய். பொடியாக நறுக்கிய வெங்காயம் நிறம் மாறியதும் பூண்டு. வான்கோழியில் கொழுப்பு கிடையாது, அதனால் சீக்கிரம் வறண்டுவிடும். அதற்கு ஈடாகக் காளானை நுணுக்கிப் போட்டு, ஒரு கேரட்டைத் துருவிப் போட்டாள். கறியைக் கொட்டி, மரக் கரண்டியால் குத்திக் குத்தி உதிர்த்தாள். தக்காளி விழுது, மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் கடுகு விழுது, கொஞ்சம் வினிகர். அரை மணி நேரத்து வேலை. பல்லின் நிறத்தை விளக்கடியில் வைத்து ஒப்பிடுகிற மாதிரி, காலையில் சட்டியில் ஒட்டியிருந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வெளுத்திருக்குப்பா. அம்மாவோடது இதைவிடக் கறுப்பு."

அப்பா எட்டிப் பார்த்தார். யோசித்தார்.

"அவ டீயைப் பாதி குடிச்சிட்டு வெச்சிடுவா. பால் இல்லாத டீ. மிச்சத்தை என்ன பண்றான்னு நான் கவனிச்சதில்ல. ஒரு நாள் கப்பைச் சட்டியில கவுக்கறதைப் பார்த்தேன். சோம்பேறி, கழுவுற இடத்துல கொட்டக்கூடாதான்னு கேட்டேன். ஆமாம் சோம்பேறிதான்னு சொல்லிச் சிரிச்சா."

அக்கா டீ போட்டாள். கெட்டியாக, பால் இல்லாமல். அரைக் கப் ஊற்றி வற்றவைத்தாள். கறி கறுத்தது. அம்மா செய்த மாதிரியே ஆனது.

பிரட்டை வாட்டி, தயிர் தடவி, வைத்து அழுத்திக் கொடுத்தாள். அப்பா இடது கையால் வாங்கி, ஒரு பாதியைச் சாப்பிட்டார். மறு பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ருசி அதேதான்," என்றார். "அவ இல்ல, அவ்வளவுதான்."

*

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். கையில் கிரீஸ். வாசலில் பை நிற்பதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"இது என்ன பை?"

"கடைசி டப்பா தீர்ந்துடுச்சுடா," என்றார் அப்பா. "கிளினிக் முடிஞ்சு அப்படியே போயிடலாம். ரூம் இருக்குல்ல?"

தம்பி இல்லை என்று தலையாட்டினான். "அப்பா, நான் அதை எல்லாம் மனசுல வெச்சுக்கல."

"நான் வெச்சிருக்கேன்."

"தெரியாம நடந்ததுப்பா," என்றாள் அக்கா. "தெரியாம திறந்த டப்பாவுக்கு என்ன வாக்கு?"

"தெரிஞ்சு திறந்தாலும் தெரியாம திறந்தாலும் டப்பா காலிதானேம்மா. திங்கட்கிழமை நீ போயிடுவே. இவன் லிப்டை விட்டுட்டு இங்க ஓடி வருவான். மறுபடி எங்கேயாவது விழுவேன், மறுபடி இவன் தூக்குவான். எத்தனை தடவைடா தூக்குவே?"

தம்பி கண்ணைத் துடைத்ததில் கிரீஸ் முகத்தில் ஏறியது. சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பப் போனான்.

அப்பா குனிந்து பையை எடுத்தார். வலது கையால் எடுத்தார். வாசலைப் பார்த்து நடந்தார். நடை தள்ளாடவில்லை.

அக்கா சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாயிற்று. போகாதீர்கள் என்று சொன்னால், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பார். லேபில் நாற்பது பேருக்குப் பல் காத்திருக்கிறது. வேறு ஊரில் அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது. அப்பா அவளைத் தாண்டிப் போனார்.

அவள் ஓடிப் போய் வாசலில் அவருக்கு எதிரே நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள்.

அப்பா நின்றார்.

யோசித்து நின்றது மாதிரி இல்லை. கால் தானாக நின்றது. வலது கையிலிருந்த பை ஒரு தடவை ஆடி ஓய்ந்தது. வெளியே வண்டியைத் திருப்பி நிறுத்திய தம்பி, கதவைத் திறந்த மேனிக்கு அப்படியே இருந்தான். உள்ளே கடிகாரத்தில் மூன்றே கால். நாலு மணிக்குக் கிளினிக்கில் மெஷின் காத்திருக்கிறது.

அப்பா மகளின் ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை பார்த்தார். ஒன்பது வயதில் பார்த்த அதே கைகள்.

"நிறுத்திட்டே," என்றார் மெதுவாக. "சட்டப்படி நின்னுட்டேன். அடுத்து என்னன்னும் நீதான் காட்டணும்."

அக்காவுக்குத் தோள் வலித்தது. கையை இறக்கினால் அவர் நடந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த சைகை அவளுக்கு இன்னும் தெரியாது. அழுதுகொண்டே, நீட்டிய கையோடு நின்றாள்.